திருப்புளியை எடுக்கும் முன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். 'ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் படிக்கலாமா சார்' என்று கேட்கிற பிள்ளைகளுக்காகவும், அதற்குப் பணம் கட்டப்போகிற அப்பா அம்மாக்களுக்காகவும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் இந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு. ஓய்வு என்று பெயர்தான். தெருவில் யார் வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் நம் வீட்டுக் கதவுதான் தட்டப்படும்.

இந்தப் படிப்பில் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே கை பரபரக்கும். கேபினட் என்கிற பெட்டியைத் திறக்கணும், ரேம் என்கிற நினைவகத்தைக் கழற்றணும், மூளை மாதிரி இருக்கிற பிராசசரைக் கண்ணால் பார்க்கணும். பல இடங்களில் பயிற்சியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பழைய மிஷினைக் கொடுத்து, கழற்று, மாட்டு. கை பழக அது வேண்டியதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாட்டுவது சின்ன வேலை. ரேமின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், திருப்பிப் போட்டால் உட்காராது. பவர் கனெக்டரிலும் கொக்கி ஒரு பக்கம்தான். சென்னை ரிச்சி தெருவில் போய் நின்றால், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கடைப்பையன் முக்கால்வாசி மாட்டி வைத்திருப்பான். போதாததற்கு இப்போது பாதிப் பேர் லேப்டாப் வாங்குகிறார்கள். மாட்டுகிறவனுக்கு இனி கூலி கிடையாது. பழுது எங்கே என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் கூலி. இதையே இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கம்ப்யூட்டர் ஓடல' என்று ஒருவர் போன் செய்கிறார். நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள்? திருப்புளியைத் தேடக் கூடாது. கேள்வி கேட்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் உள்ளே ஃபேன் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் பிளக், கேபிள், கரண்ட் போனால் தாங்குகிற யு.பி.எஸ்., கேபினட்டுக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி என்று மின்சாரத்தின் வழியே பின்னால் போங்கள். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லையா? மானிட்டர் கேபிள், ரேம், எல்லாச் சாமானும் உட்காருகிற மதர்போர்டு. கம்பெனி பெயர் வருகிறது, அதற்கு மேல் விண்டோஸ் வரவில்லையா? அப்படியானால் ஹார்டு டிஸ்க், இல்லாவிட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம். மூன்றுமே 'ஓடல'தான், ஆனால் மூன்றும் மூன்று வியாதி. போனிலேயே இதைக் கேட்டுவிட்டால் எந்தச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது என்று தெரிந்துவிடும்.

மிஷினும் தன்னாலே கொஞ்சம் பேசும். சுவிட்ச் போட்டதும் அது தன்னைத்தானே ஒரு தடவை சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் குட்டையாக ஒரே ஒரு 'பீப்' வந்தால் எல்லாம் நலம். நீளமாக, விட்டு விட்டுக் கத்தினால் முதலில் ரேமைச் சந்தேகப்படுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு மாறும், போர்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பான். இப்போது வருகிற போர்டுகளில் அந்த ஸ்பீக்கரையே வைப்பதில்லை. தனியாகக் கடையில் கிடைக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுதான். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கதை சொல்லுகிறேன். என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார்கள், நீங்கள் கேட்கவில்லையே.

ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதுகுத்து ஃபிளெக்ஸ் எல்லாம் அங்கேதான் டிசைன் ஆகும். அந்தக் கடை கம்ப்யூட்டர் நடு வேலையில் படக்கென்று அணைந்து தானாகத் திரும்ப எழும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முதலில் வந்தவர் வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் போட்டார், அதாவது டிஸ்க்கில் இருந்ததை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். நிற்கவில்லை. அடுத்தவர் ரேம் மாற்றினார். நிற்கவில்லை. மூன்றாமவர் எஸ்.எம்.பி.எஸ். மாற்றிவிட்டு, இதற்கும் நிற்காவிட்டால் மதர்போர்டுதான் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் நொந்துபோய் எங்களிடம் வந்தார். நான் ஒரு மாணவியை அனுப்பினேன். அதிகம் பேசாத பிள்ளை.

அந்தப் பெண் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு நோட்டு. எதையும் தொடவில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். 'என்னம்மா, வந்ததிலேருந்து கையே வைக்க மாட்டேங்கிற?' 'இருங்கண்ணா, ஒரு தடவை அணையட்டும்.' அணைந்தது. மணியைக் குறித்துக்கொண்டாள். திரும்ப அணைந்தது, குறித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். ட்யூப் லைட் ஒரு கணம் மங்கி எழுந்தது. அதே சமயம் பக்கத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். பக்கத்துக் கடை மாவு மில்.

எழுந்து மில்லுக்குப் போனாள். 'அக்கா, மோட்டாரை ஒரு தடவை நிறுத்திட்டுப் போடுங்க.' மோட்டார் ஓடத் தொடங்கியதும் இங்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அந்த மாதிரி மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். அந்த ஒரு கணத்தில் அதே லைனில் இருக்கிற எல்லோருக்கும் வோல்டேஜ் இறங்கும். சரி, அதைத் தாங்கத்தானே யு.பி.எஸ்.? மேசைக்கு அடியில் அது பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வேலையை சேவ் செய்யச் சொல்லிவிட்டு யு.பி.எஸ். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அந்தக் கணமே எல்லாம் இருட்டு. உள்ளே இருந்த 12 வோல்ட் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கு அந்த பேட்டரிகள் இரண்டு மூன்று வருஷம் தாங்கினால் பெரிது. கரண்ட் இருக்கும்வரை விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும், பாவம் அதற்கு என்ன தெரியும்.

பேட்டரியை மாற்றினார்கள், நின்றுவிட்டது. கடைக்காரர் அந்தப் பெண்ணுக்குக் கூலியும் கொடுத்து, அவள் பெயர் போட்டு ஒரு கட்டு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தார். முன்னால் வந்த மூவரும் வேலை தெரியாதவர்கள் இல்லை. கை அவர்களுக்கு ரொம்ப வேகம். அவ்வளவுதான். வெளியிலிருந்து உள்ளே போகணும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றணும், மாற்றிவிட்டு நின்று பார்க்கணும்.

சுவரில் இருக்கிற பிளக்கைப் பற்றிப் பேசியதும் என் பழைய பாட்டுக்கு வந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இப்போது ரேடியோவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எர்த். மூன்று பின் பிளக்கில் மேலே தடியாக, நீளமாக ஒன்று இருக்கிறதே, அது. நம் வீடுகளில் அதற்குக் கிடைக்கிற மரியாதை சொல்லி முடியாது. இரண்டு ஓட்டை பாயிண்டில் நுழையவில்லை என்று அதை உடைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயரே இருக்காது. அதுவும் உண்டு.

'கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குது சார்' என்று வருவார்கள். செருப்பில்லாமல் நின்றுகொண்டு தொட்டால் தெரியும். பின்பக்கம் பெயின்ட் இல்லாத ஒரு திருகில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். உடனே எஸ்.எம்.பி.எஸ். லீக் என்று புதிதாக வாங்கி மாட்டுவார்கள். அதுவும் சுர்ரென்னும். ஏன்? எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்ட் நுழைகிற இடத்திலேயே, இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று கரண்ட் வருகிற பேஸ் வயரிலிருந்து கேபினட்டின் தகரத்துக்கு, இன்னொன்று கரண்ட் திரும்புகிற நியூட்ரலிலிருந்து தகரத்துக்கு. தகரம் எர்த்தோடு சேர்ந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. எர்த் இல்லாவிட்டால் தகரம் நடுவில் தொங்கும். 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட். ஓடுகிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், அதனால் சுர்ரோடு போகிறது. ஆனால் பிரின்டரையோ மானிட்டரையோ அந்த நிலையில் மாட்டும்போது கேபிள் சொருகுகிற போர்ட் கெட்டுப்போக வழி இருக்கிறது. நிஜமாகவே ஒரு நாள் உள்ளே இன்சுலேஷன் போனால், அந்தத் தகரத்தில் முழு கரண்ட் நிற்கும். அப்போது சுர்ரோடு போகாது. ஆக, பழுது கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டு வயரிங்கில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் அந்தக் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளே, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிளக் பாயிண்டைப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணியைக் காட்டுகிறார்கள். எர்த்திலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வருவோம்.

கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெரியவர் திரிவார் பாருங்கள். சமையல்காரருக்கு எண்ணெய் வேண்டுமா, பந்திக்கு இலை வேண்டுமா, அவரைக் கேட்டுத்தான் எடுக்கணும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அவர்தான். எந்த புரோகிராமும் ரேமையோ டிஸ்க்கையோ தானாகப் போய் எடுத்துக்கொள்ள முடியாது, அதனிடம் கேட்டு வாங்கணும். விண்டோஸும் அப்படித்தான், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற ஃபின்லாந்து மாணவர் ஆரம்பித்து வைத்த லினக்ஸும் அப்படித்தான்.

நம் ஊரில் இந்தப் பாடத்தைக் கெடுத்தது ஒரே ஒரு பழக்கம்: எதற்கெடுத்தாலும் ஃபார்மட். 'டேட்டா டி டிரைவ்ல இருக்கா? அப்ப போட்டுடலாம்.' டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிற ஃபைல், மை டாக்குமென்ட்ஸ், எல்லாமே வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ, கடையின் கணக்கு, போய்விட்டது. ஃபார்மட் போடுகிற கைக்கு வேறு ஒன்றைப் பழக்குங்கள். ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு, மின்ட் எதுவானாலும் சரி, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல் அந்த பென் டிரைவிலிருந்தே மிஷினைக் கிளப்பலாம். கிளம்பி ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் ரேம், பிராசசர், போர்டு பெரும்பாலும் நலம். வியாதி டிஸ்க்கில் அல்லது விண்டோஸில். அங்கேயும் தொங்குகிறதா? நீங்கள் எத்தனை தடவை ஃபார்மட் போட்டாலும் தொங்கத்தான் செய்யும். டிஸ்க் உயிரோடு இருந்தால், அதிலிருக்கிற போட்டோக்களை அந்த வழியாகவே வெளியே எடுத்தும் விடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய மிஷின்கள் பலவற்றில் முறைப்படி ஏறாது, டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும் என்று கேட்கும். 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. என்கிற சேமிப்புச் சாமானை மாட்டினால் தட்டச்சு பழகவும் பாடம் படிக்கவும் தாராளமாக உதவும். பயிற்சிக்கும் அதைவிட நல்ல மிஷின் கிடையாது, கெட்டாலும் யாரும் திட்ட மாட்டார்கள்.

நெட்வொர்க்கிங்குக்கு நேரம் ரொம்பக் குறைந்துவிட்டது. ஒரு உதாரணம் மட்டும். 'நெட் வேலை செய்யல, எந்த வெப்சைட்டும் பாதுகாப்பில்லைன்னு சொல்லுது' என்கிறார்கள். ரவுட்டரை மாற்றாதீர்கள். மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து வருஷம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி, சி.ஆர். 2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னால் போகும். வெப்சைட்டின் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று இருப்பதால் பிரவுசர் ஒத்துக்கொள்ளாது. நெட்வொர்க் புகார், ஹார்டுவேர் பழுது. ஹார்டுவேர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்கிங் என்கிற இந்த மூன்று பாடத்தையும் தனித்தனியாக நடத்தாதீர்கள் என்று நான் சண்டை போட்டது இதற்காகத்தான்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கேபிள் சொருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா பாருங்கள். அடுத்தது ஐ.பி. முகவரி, நெட்வொர்க்கில் உங்கள் மிஷினுக்குக் கிடைக்கிற எண். 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். பிறகு பிங், 'இருக்கிறாயா' என்று கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் ரவுட்டருக்கு, அது பல வீடுகளில் 192.168.1.1. அப்புறம் வெளியே, கூகுளின் 8.8.8.8. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கிற டி.என்.எஸ்.ஸைப் பாருங்கள். இதுவும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிற அதே வழிதான், திசை மட்டும் இங்கே உள்ளேயிருந்து வெளியே. நெட்வொர்க் கேபிள் முனையில் கனெக்டர் மாட்டுகிற வண்ண வரிசையைச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது. அந்தக் கேபிள் ஒரு இழுப்பு 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வைஃபைக்கு எழுதி வைத்த தாள் அப்படியே இருக்கிறது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், இன்றைக்கு அது போதும். கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.