கை நுழையாத இடத்தில் ஒரு ஆயில் ஃபில்டர்

வணக்கம். வெளிச்சம் போதுமா பாருங்கள். இந்தக் கேமராவை வைக்கவே உள்ளே இடம் இல்லை, என் கை எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் உள்ள சின்ன டிராக்டர் இது. ஆள் சின்னது என்பதால் உள்ளே சாமான்கள் குறைந்துவிடவில்லை. ரேடியேட்டர், பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டீசல் பம்ப், ஃபில்டர்கள் எல்லாமே உண்டு. அத்தனையையும் பீரோவில் துணி அடைப்பதுபோல் அடைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு முன்னால் மண் அள்ளுகிற லோடர் வேறு. அதன் இரும்புச் சட்டம் இன்ஜினின் இரண்டு பக்கத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இன்றைக்கு ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட் மூன்றும் மாற்ற வேண்டும்.

இன்ஜினை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்து வைத்தேன். முன் சக்கரம் திரும்பினால் அதன் பின்னால் கை போகிற அளவுக்கு ஒரு சந்து கிடைக்கும். நிறுத்திய பிறகு ஞாபகம் வந்து திருப்பப் பார்த்தால், பவர் ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கும். லோடர் பக்கெட்டையும் தரையில் இறக்கியாயிற்று.

அடுத்து பேட்டரி. நெகட்டிவ் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே விலகியிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சாவியை எடுத்துவிட்டோமே என்று சிலர் இதை விட்டுவிடுவார்கள். சாவி கையில் இருந்தாலும் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிளிலும் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலும் கரண்ட் இருக்கும். நாம் ஸ்பேனர் விடப்போவது அங்கேதான்.

இப்போது பானட்டையும் பக்கத் தகடுகளையும் கழற்றுகிறேன். நான்கு போல்ட், ஒரு ஹெட்லைட் கனெக்டர், ஐந்து நிமிடம். ரொம்ப நாள் இதைக் கழற்றாமலேயே சந்துக்குள் கையை விட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இந்த விரல் முட்டியில் தெரிகிற தழும்பு அந்தச் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த பரிசு.

சரி, ஆயில் ஃபில்டர். பழைய ஆயிலை முன்பே வடித்துவிட்டேன். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கிறது. கொதிக்கிற சூட்டில் இறங்காதீர்கள், சைலென்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபில்டர் படுத்தவாக்கில் மாட்டியிருப்பதால் கழற்றியதும் உள்ளே மிச்சமிருக்கும் ஆயில் முழுவதும் சட்டத்தின் மேல் கொட்டும். அதனால் ஒரு பிளாஸ்டிக் பையை ஃபில்டர் மேல் மாட்டி, பைக்குள்ளேயே திருகி எடுக்கிறேன். பெல்ட் போட்டுத் திருகுகிற கருவியை ஆட்ட இங்கே இடமே இல்லை. மூடி மாதிரி கவிழ்க்கிற வகைதான் சரிப்படும். பின்னால் நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டு, ராட்செட்டை, அதாவது எடுத்து எடுத்து மாட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டியே திருகுகிற கைப்பிடியை, வெளியிலிருந்து சுற்றலாம்.

எடுத்ததும் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம், அதனால் போனை உள்ளே நீட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன். வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருந்து, அதன்மேல் புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ஃபில்டர் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி.

டீசல் ஃபில்டர் சுலபம். வால்வை மூடிவிட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, ஓ-ரிங்கோடு மாற்றியாயிற்று. டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஏர் எடுக்கிற திருகு ஒன்று உண்டு, அதுதான் தொல்லை. வளைய ஸ்பேனர் ஒருமுறை 30 டிகிரியாவது ஆட வேண்டும், இங்கே அதற்கு வழியில்லை. 72 பல் ராட்செட் ஸ்பேனர் என்றால் 5 டிகிரி போதும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்கக் கும்பிடுவீர்கள். அப்புறம், திருகின் கீழே ஒரு துணியைத் திணித்துவிடுங்கள். காப்பர் வாஷர் விழுந்தால் காந்தத்துக்கு மசியாது. போன தடவை அதைத் தேடி அரை மணி நேரம் படுத்தபடி கிடந்தேன்.

ஃபேன் பெல்ட்டைத் தளர்த்த ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். மேல் போல்ட் நேராகவே கிடைக்கிறது. கீழ் போல்ட்டுக்கு, டிராக்டரின் அடியில் படுத்து, வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயிண்ட்டோடு எக்ஸ்டென்ஷனை மேலே விட வேண்டும். பெல்ட்டை ஃபேன் இறக்கைகளின் மேலாக ஒவ்வொன்றாகத் தாண்ட வைக்கிறேன். அவசரப்பட்டால் இறக்கை ரேடியேட்டரைக் கிழிக்கும். மாட்டிய பிறகு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும்.

புது ஆயில் ஊற்றியாயிற்று, டீசல் வால்வைத் திறந்து ஏரும் எடுத்தாயிற்று. எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்கிறேன். ஆயில் விளக்கு அணைந்துவிட்டது. இரண்டு நிமிடம் ஓடட்டும். டீசல் கசிவு பார்க்க இன்ஜெக்டர் குழாய்களைக் கையால் தடவாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். அட்டையைக் காட்டிப் பாருங்கள். நிறுத்திவிட்டு அளவுக்கம்பியில் ஆயில் பார்க்கிறேன். புது ஃபில்டர் குடித்தது போக இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும்.

ஹெட்லைட்டையும் போட்டுப் பார்த்துவிடலாம். எரியவில்லையே. அந்தக் கனெக்டர்... இருங்கள், பானட்டை மறுபடியும் கழற்றுகிறேன்.