ஹெக்டேரை சென்ட் ஆக்குகிற வேலை: வேளாண் இதழியலில் உங்களுக்கு என்ன இடம்?

[காட்சி: நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கு, இருட்டு இன்னும் விலகவில்லை. கேரட் கழுவும் மெஷின் சுற்றுகிறது, மூட்டைகள் லாரியில் ஏறுகின்றன.]

இந்த லாரி கொஞ்ச நேரத்தில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிவிடும். இந்தக் கேரட்டை விளைவித்தவருக்கு விதை, நோய், உறைபனி, கூலி, விலை என்று கேள்விகள் நிறைய. அதில் பலவற்றுக்கு ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் அது தோட்டத்துக்கு வந்து சேருவதில்லை. வந்து சேர்ந்தாலும் புரிகிற மாதிரி வருவதில்லை. இதைச் சரி செய்வதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியும். அதற்குப் பெயர் வேளாண் இதழியல், வேளாண் தகவல் தொடர்பு.

முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உருளைக்கிழங்கு சாகுபடி பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதினேன். தொழு உரம் ஹெக்டேருக்கு 15 டன், மருந்து லிட்டருக்கு 2 கிராம் என்று கையேட்டில் இருந்ததை அப்படியே எழுதினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நஞ்சநாடு பக்கம் ஒரு விவசாயி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஏம்மா, எனக்கு இருக்கிறது 40 சென்ட். இதுல நான் எவ்வளவு போடணும்? மருந்து டேங்குக்கு எத்தனை மூடி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்திலேயே போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 247 சென்ட். அப்படியானால் 40 சென்ட்டுக்கு இரண்டரை டன்னுக்குச் சற்றுக் குறைவு, ஒன்றரை டன் ஏற்றுகிற பிக்கப்பில் இரண்டு நடை. 16 லிட்டர் டேங்குக்கு மருந்து 32 கிராம். ஆனால் மூடிக் கணக்கு வேண்டாம் அண்ணா, பொடிக்குப் பொடி கனம் மாறும், ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "இதை முதல்லயே எழுதியிருக்கலாமே" என்றார்.

இந்தத் தொழிலில் கிடைக்கிற எல்லா வேலையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும் என்று இன்றும் நினைக்கிறேன்.

[காட்சி: பழைய வானொலிப் பெட்டி, பக்கத்தில் நெல் கதிர்.]

இது புதுத் தொழிலும் இல்லை. 1960களில் தஞ்சாவூர் வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வானொலி நிகழ்ச்சிகள் வழியாகவே ஊர் ஊராகப் பரவியது, விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தூர்தர்ஷனின் வயலும் வாழ்வும் நிகழ்ச்சி உங்கள் தாத்தா பாட்டிக்கு நன்றாகவே நினைவிருக்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1908-லேயே இதற்கென்று தனித் துறை தொடங்கியது. நம் ஊரில் இது ஒரு படிப்பு, ஒரு வேலை என்பதே பலருக்கு இன்னும் தெரியாது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, வேலை எங்கே இருக்கிறது? மலையிலிருந்தே தொடங்குவோம். குன்னூரில் உபாசி, அதாவது தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், நடத்தும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இப்படி மாவட்டம்தோறும் இருக்கும் நிலையங்களில் பயிற்சி நடத்துவது, கையேடு எழுதுவது, வீடியோ எடுப்பது எல்லாம் அன்றாட வேலை. கோத்தகிரியில் ரேடியோ கோத்தகிரி என்ற சமுதாய வானொலி இருக்கிறது, பழங்குடி மொழிகளிலும் படுகு மொழியிலும் பேசுகிறது. பழனி மலைப்பக்கம் கொடைக்கானல் எஃப்.எம். இருக்கிறது. வானொலியில் பெரும்பாலும் பகுதி நேரமாக, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் ஆரம்பிக்க முடியும். முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு வேறொரு வருமானமும் கையில் இருப்பது நல்லது. இதை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நான் செய்கிற துரோகம். அப்புறம் பசுமை விகடன் போன்ற இதழ்கள், நாளிதழ்களின் வேளாண் பக்கங்கள், தொண்டு நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், விவசாயிகளுக்குப் பயிற்சியும் தொழில்நுட்பமும் கொண்டுசேர்க்கும் வேளாண் துறையின் அட்மா திட்டம் என்று பட்டியல் நீளும்.

[காட்சி: தேயிலைத் தோட்டம், இலை எடை போடும் இடம், தராசு முள்.]

ஆனால் நீலகிரியில் இருக்கிற ஒருவர் தேயிலையை விட்டுவிட்டு எழுத முடியாது. சிறு விவசாயி இலையைப் பறித்து ஏஜென்ட்டிடம் போடுகிறார், அது தொழிற்சாலைக்குப் போகிறது, தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை என்று தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. ஏல விலையிலிருந்து அந்த எண் எப்படி வருகிறது, கையில் வரும் பணம் அதிலிருந்து ஏன் மாறுகிறது என்பதை நிதானமாக எழுதிக் காட்டினால், எல்லா டீக்கடையிலும் அதைத்தான் பேசுவார்கள். வணிகவியல் படித்தவர்கள் தாராளமாக இதற்குள் வரலாம்.

இன்னொன்று, மருந்து. தேயிலைக்கு எந்த மருந்து அடிக்கலாம் என்று வாரியம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாததை அடித்தால் எச்சம் தூளில் நின்றுவிடும், தூளையே நிராகரித்துவிடலாம். மழைக்காலத்தில் கொப்புள நோய் வரும்போது அவசரத்தில் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எதை அடிக்கக் கூடாது, அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்காமல் இருக்க வேண்டும், டப்பாவில் இருக்கிற சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணத்துக்கு என்ன அர்த்தம் என்பதை இரண்டு நிமிட ஆடியோவாக, அவர்கள் வீட்டில் பேசுகிற மொழியில் அனுப்புவதும் இதழியல்தான். நான் இதைத்தான் முதல் தரமான வேலை என்பேன்.

என்ன படிக்க வேண்டும்? நேர் வழி, நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மை அல்லது தோட்டக்கலை, அதன் மேல் எம்.எஸ்சி. வேளாண் விரிவாக்கம், அதாவது ஆராய்ச்சியை விவசாயியிடம் கொண்டுசேர்ப்பது பற்றிய படிப்பு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இரண்டுமே உண்டு. இதழியல் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, அவர்கள் மூன்று போகமாவது ஒரே பயிரைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். இங்கே உருளைக்கிழங்குக்கு நீர்ப்போகம், கார்போகம், கடைப்போகம் என்று மூன்று போகம் உண்டு, ஒரு வருடத்தில் முடித்துவிடலாம்.

மருந்து, விதை கம்பெனிகளிலும் நல்ல சம்பளத்தில் வேலை இருக்கிறது. போகலாம், தப்பில்லை. ஆனால் விளம்பரத்தை ஆலோசனை போல எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு முறை மகசூல் போனவர் நீங்கள் சொல்கிற எதையும் அதற்கப்புறம் கேட்க மாட்டார்.

[காட்சி: வீட்டுத் திண்ணை, கையில் ஒரு துண்டறிக்கை.]

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு இதையும் கொண்டுபோங்கள். உங்கள் ஊர்ப் பயிரைப் பற்றி அரசு வெளியிட்ட ஏதாவது ஒரு பக்கத்தை எடுங்கள். ஹெக்டேரை எல்லாம் சென்ட் ஆக்குங்கள், லிட்டர் கணக்கை டேங்க் கணக்காக்குங்கள். விவசாயம் செய்கிற ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அம்மாவாக இருந்தாலும் சரி. அவர் எந்த வரியில் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று ஓரத்தில் குறித்து, அந்த வரிகளை மட்டும் திருத்தி எழுதுங்கள். பழைய பக்கம், திருத்திய பக்கம் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.