மணி ரெண்டு அடிக்கிறது, விழித்திருக்கிறேன்

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பெயர் சொல்லாமல், ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன்.

அவருக்கு 58 வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். அத்தனை பெரிய வீட்டில் அவரும் கணவரும் மட்டும். "பட்டாலைக் கடிகாரம் ஒண்ணு அடிக்கும், கேப்பேன். ரெண்டு அடிக்கும், கேப்பேன். மூணும் கேட்டுட்டா மறுநாள் அவ்வளவுதான் தம்பி" என்றார். ஆறு மாதமாக இப்படித்தான். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டினால் நாள்பட்ட தூக்கமின்மை என்போம்.

அவர் சும்மா இருக்கவில்லை. பாலில் சாதிக்காய் போட்டுக் குடித்தார், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார், எட்டு மணிக்கே படுத்தார். கடைசியில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையே நிறுத்திவிட்டார். அப்புறம் என்ன நடந்தது? மணிச் சத்தம் போனது. தலையணைக்கு அடியில் செல்போன் வந்தது, நேரம் பார்க்க.

சாதிக்காயிலும் எண்ணெயிலும் தப்பில்லை. 'இன்றைக்கு எப்படியாவது தூங்கியே ஆகணும்' என்று உடம்பு முறுக்கிக்கொள்கிறது பாருங்கள், அதுதான் இடைஞ்சல். தூக்கம் முயற்சி செய்து வருவதில்லை. முயற்சி கூடக் கூட நெஞ்சு படபடக்கும், காது கூர்மையாகும், விழிப்புதான் கூடும்.

இந்த இடத்தில்தான் 'ஆக்ட்' என்னும் சிகிச்சை உதவுகிறது. ஏற்றுக்கொள்வதையும், நமக்கு முக்கியமானதில் ஈடுபடுவதையும் அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980-களில் இதை உருவாக்கத் தொடங்கினார். தூக்கமின்மைக்கென்றே வந்ததல்ல, பிறகு இதற்கும் பயன்படுத்தினார்கள். தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைப்பது சிபிடி என்கிற சிந்தனை, நடத்தைச் சிகிச்சையைத்தான். அதற்கு ஆய்வுகள் அதிகம். ஆனால் நேரம் குறித்துப் படுப்பது, எழுவது என்ற அதன் விதிகளே சிலருக்கு இன்னொரு பரீட்சையாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்ட் நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆச்சியிடம் நான் கேட்டது இவ்வளவுதான். இரவில் 'நாளைக்கு ஒரு வேலையும் ஓடாது' என்று தோன்றினால், அதோடு வாதாட வேண்டாம். "நாளைக்கு வேலை ஓடாதுன்னு என் மனசு சொல்லுது" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். அந்த 'மனசு சொல்லுது' சேர்ந்ததும் எண்ணம் கொஞ்சம் தள்ளி நிற்கும். பிறகு கவனத்தை உடம்புக்குக் கொண்டுவரலாம்: மூச்சு போய்வருவது, போர்வையின் கனம். படுக்கப் பிடிக்கவில்லையா, எழுந்து ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சி பாதத்தில் படுவதைக் கவனித்தபடி வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றி நாலு நடை நடக்கலாம். இதையும் தூங்கவைக்கும் தந்திரமாகச் செய்தால் பலிக்காது. விழிப்பு இருக்கிறது, சரி, இருக்கட்டும் என்று விடவேண்டும். எனக்குத் தெரிந்து இந்தச் சிகிச்சையில் மிகக் கடினமான படி இதுதான்.

இன்னொரு பாதியும் உண்டு. முந்தின இரவு தூங்கவில்லை என்று ஆச்சி கோயிலுக்குப் போவதை விட்டிருந்தார். முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் பங்காளி வீட்டுப் படைப்புக்கும் போகவில்லை. வாழ்க்கை தூக்கத்துக்காகக் காத்துக்கிடந்தது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் எதைச் செய்ய ஆசை என்று கேட்டேன். "படைப்புக்குப் போகணும்" என்று உடனே சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பலத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த படைப்புக்கு முந்தின இரவு ஆச்சி இரண்டு மணி நேரம்தான் தூங்கினாராம். போனார். கண் எரிந்ததாம், பந்தியில் பரிமாறினாராம். இப்போது கடிகாரத்துக்கு மறுபடி சாவி கொடுக்கிறார். ரெண்டு அடிப்பது சில நாள் கேட்கத்தான் செய்கிறது என்றார்.

வணக்கம்.