காலையின் முதல் இரண்டு நிமிடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்தத் தொல்லை பழக்கமானதுதான். இரவு முழுவதும் நின்ற வண்டி, காலையில் சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு எழும். ஆக்சிலரேட்டரை விட்டதும் திணறி நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி திணறல். எப்படியோ பத்து நிமிடம் ஓட்டிவிட்டால், அதே இன்ஜின் எதுவுமே நடக்காததுபோலச் சீராக ஓடும்.

இந்தக் கட்டத்தில் பலரும் ஸ்குரூடிரைவரை எடுத்துக் கார்புரேட்டரின் கலவைத் திருகைத் திருப்பத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்தத் திருகு சூடேறிய இன்ஜினின் ஐடில் ஓட்டத்துக்கு, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஓட்டத்துக்கு, உரியது. வண்டி சூடேறிய பிறகு சீராக ஓடுகிறது என்றால், திருகு ஏறக்குறைய சரியான இடத்தில்தான் இருக்கிறது. காலைத் தொல்லைக்காக அதைத் திருப்பினால், இருக்கிற ஒரு பழுதோடு இரண்டாவது பழுதையும் நாமே சேர்த்துவிடுகிறோம்.

குளிர்ந்த இன்ஜினுக்கு என்ன குறை? பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகே எரிகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டர் இந்தக் கணக்கில் அளந்து அனுப்பினாலும், குளிர்ந்த நேரத்தில் பெட்ரோலின் பெரும்பகுதி கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே தீப்பற்றும் நிலையில் சிலிண்டரை அடைகிறது. ஆகவே கணக்குக்கு மேல் பெட்ரோல் தர வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் சோக். பெரும்பாலான வண்டிகளில் இது காற்று வரும் வழியை மூடிக் கலவையை அடர்த்தியாக்கும் ஒரு தகடு. இன்னொரு குறையும் உண்டு. குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வு அதிகம். நிமிடத்துக்கு வழக்கமான 700, 800 சுற்றுகளில் இன்ஜின் தாக்குப்பிடிக்காது. அதனால் சோக் போட்டிருக்கும்போது, ஆக்சிலரேட்டர் இயக்கும் தகடான திராட்டிலும் சற்றுத் திறந்திருக்க வேண்டும். இதை ஃபாஸ்ட் ஐடில் என்கிறோம். கூடுதல் பெட்ரோல் ஒன்று, கூடுதல் வேகம் இன்னொன்று. இரண்டும் தனித்தனி உதவிகள். ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யாமல் போவது சாதாரணமாக நடப்பது.

இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருப்பது பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைதான். ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில் அந்த நிலை மாறத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு காலையில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்று உறுப்புகளை ஒரே நாளில் மாற்றினால், சரியானது எதனால் என்று கடைசிவரை தெரியாது.

சாவியைத் தொடுவதற்கு முன்பே முதல் சோதனை தொடங்குகிறது. ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாயைப் பாருங்கள். தானியங்கி சோக் உள்ள வண்டியானால் ஆக்சிலரேட்டரை ஒரு முறை முழுதாக அழுத்தி விட வேண்டும். அப்போதுதான் சுருள் வில் சோக் தகட்டை மூடும். ஓரம் படிகளாக வெட்டிய கேம் என்ற சிறு தகடு திரும்பி, ஃபாஸ்ட் ஐடில் திருகு அதன் உயரமான படியில் ஏறும். இக்கால வண்டிகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஓர் அழுத்தம் தேவை என்பதே தெரிவதில்லை. பழுது எதுவுமே இல்லாத கார்புரேட்டர்கள் இதனாலேயே கழற்றப்படுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அழுத்திய பிறகும் தகடு மூடவில்லை என்றால், அதன் அச்சில் பிசுபிசுப்பு ஏறியிருக்கலாம். கிளீனர் தெளித்துக் கழுவுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்துவைக்கும்.

கையால் இழுக்கும் சோக் என்றால், ஒருவர் குமிழை இழுக்க, மற்றவர் தகட்டைப் பார்க்க வேண்டும். கேபிளின் பிடி தளர்ந்துபோய், குமிழ் முழுதாக வெளியே வந்தும் தகடு பாதிதான் மூடியிருக்கும். எஸ்.யூ. என்ற வகைக் கார்புரேட்டர்களில் சோக் தகடே பெரும்பாலும் கிடையாது. அங்கே குமிழை இழுத்தால் முதலில் வேகம் மட்டும் கூடும். இன்னும் இழுத்தால்தான் பெட்ரோல் வரும் துளையான ஜெட் கீழிறங்கிப் பெட்ரோலைக் கூட்டும். அந்த வகையில், மேலே உள்ள டாம்பரில் (பிஸ்டன் சட்டென எழாமல் தடுக்கும் உறுப்பு) ஆயில் வற்றியிருந்தால் ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் இன்ஜின் திணறும்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம். இன்ஜின் சுற்றும்போது கார்புரேட்டரின் வாய்க்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்; தீ பின்னோக்கி வெடித்து மேலே வரக்கூடும். சற்றுத் தள்ளி நின்று, இன்ஜின் எந்தக் கணத்தில் நிற்கிறது என்று காதால் கேளுங்கள். என் கணிப்பில் இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஸ்டார்ட்டர் சுற்றும்வரை ஓடி, சாவியை விட்ட அதே நொடியில் நின்றால் கார்புரேட்டரை மறந்துவிடுங்கள். தீப்பொறிக்குப் பாயின்ட் என்னும் தொட்டு விலகும் மின்முனைகள் வைத்த பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது இக்னிஷன் காயிலுக்கு பேட்டரியின் மின்சாரம் நேராகப் போகும். சாவியை விட்டதும், மின்சாரத்தைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அது அறுந்திருந்தால் தீப்பொறி அந்த நொடியே நின்றுவிடும். இதற்காகக் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவது எவ்வளவு வீண்வேலை!

சில நொடிகள் நன்றாக ஓடி, பிறகு கரும்புகை கக்கி, பெட்ரோல் நெடியோடு நின்றால் கதை வேறு. இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் கவனிக்காத உறுப்பு இது. இன்ஜின் பற்றிக்கொண்ட பிறகும் சோக் இறுக மூடியே இருந்தால், கலவை அடர்ந்து இன்ஜினே மூச்சுத்திணறிவிடும். அதைத் தவிர்க்கவே ஒரு சிறிய டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), சில வகைகளில் ஒரு பிஸ்டன், வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மேனிஃபோல்டின் வெற்றிடம் அதை இழுக்கிறது. அது சோக் தகட்டைச் சில மில்லிமீட்டர் திறக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் காலை ஐடிலின் உயிர் இருக்கிறது. டயாஃப்ரத்தின் ரப்பர் கிழிந்திருந்தால் தகடு திறக்காது. கிழிசல் வழியாகக் காற்றும் கள்ளத்தனமாக உள்ளே போகும். சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்திவிட்டு, அதன் ஹோஸில் ஒரு கை வெற்றிடப் பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். தகடு நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் நழுவினால் டயாஃப்ரத்தை மாற்றுங்கள்.

பெட்ரோல் மிஞ்சி, பிளக் நனைந்துபோன நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பது தவறு. ஒவ்வொரு மிதியிலும் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைப் பீய்ச்சும். ஒரே முறை முழுதாக மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். உள்ளே காற்று நிறையப் போய் ஈரம் வடியும்.

மூன்றாவது வகை, சோக் போட்டிருக்கும்வரை ஓடி, அதைத் தளர்த்தத் தளர்த்த நடுங்கி நிற்பது. இது கலவை மெலிந்துபோனதன் அடையாளம். ஐயம் தீர ஒரு வழி உண்டு: நடுங்கிக்கொண்டு ஓடும் இன்ஜினில் சோக்கைச் சற்று மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது ஐடில் வழியில் பெட்ரோல் போதவில்லை. காற்று புகும் இடங்கள் பல: கார்புரேட்டரின் அடி காஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு), மேனிஃபோல்ட் காஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி நேரத்தை மாற்றும் வாக்குவம் அட்வான்ஸ், தேய்ந்துபோன திராட்டில் அச்சு. ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கிப் பிடித்து, எதில் ஓட்டம் மாறுகிறது என்று பாருங்கள். காஸ்கெட் ஓரத்தில் தண்ணீரை மெல்லத் தூவினால், கசிவுள்ள இடத்தில் இன்ஜினின் ஒலி ஒரு கணம் மாறும். சிலர் பெட்ரோலையே தெளித்துப் பார்க்கிறார்கள். இன்ஜின் அருகே அது நெருப்போடு விளையாடுவது. சில காஸ்கெட்டுகள் குளிரில் கசிந்து, உலோகம் சூடேறி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். காலையில் மட்டும் தொல்லை தருவதற்கு இதுவும் காரணம்.

கசிவே இல்லையென்றால் ஐடில் ஜெட்டைப் பாருங்கள். அதைக் கம்பியால் குத்தாதீர்கள்; துளை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண். கிளீனரும் காற்றழுத்தமும் போதும். ஐடில் பெட்ரோலை மின்சாரத்தால் திறந்து மூடும் ஐடில் சொலினாய்ட் உள்ள கார்புரேட்டரில், சாவியை இயக்கியதும் அது 'டிக்' என்று ஒலிக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரமான பழுதையும் சொல்ல வேண்டும். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த நாளில், வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிச் சற்றுத் தூரம் ஓடி நின்றுவிடும். சில நிமிடம் காத்திருந்தால் தானாகவே சரியாகிவிடும். பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை இழுப்பதால், காற்றிலுள்ள ஈரம் திராட்டில் தகட்டருகே பனிக்கட்டியாக உறைகிறது. வெளியே பத்து டிகிரி செல்சியஸ் இருந்தால்கூட இது நடக்கும். இதற்காகவே பல வண்டிகளில் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து வெப்பக்காற்றைக் கொண்டுவரும் குழாய் இருந்தது. அழகுக்காகப் பளபளக்கும் ஏர் ஃபில்டரைப் பொருத்தும்போது அந்தக் குழாயைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கிடைத்தால் திரும்பப் பொருத்துங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையைச் சற்று மெலிய வைக்கும். எத்தனாலுக்கு என்று தயாரிக்கப்படாத பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸ்களையும் டயாஃப்ரங்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

இந்தச் சோதனைகள் எதையும் மூடிய கொட்டகைக்குள் செய்யாதீர்கள். சோக் போட்ட இன்ஜின் கார்பன் மோனாக்சைடை மிக அதிகமாக வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பழுதுகள் தீர்ந்து, இன்ஜின் முழுதாகச் சூடேறி, சோக் முற்றிலும் திறந்த பிறகு கலவைத் திருகுக்கு வாருங்கள். மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் வாக்குவம் கேஜை மாட்டிக்கொண்டு, முள் மிக உயரமாகவும் அசையாமலும் நிற்கும் இடத்தில் திருகை நிறுத்துங்கள். நல்ல நிலையிலுள்ள இன்ஜின் பெரும்பாலும் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவைக் காட்டும். ஃபாஸ்ட் ஐடில் திருகைப் பொறுத்தவரை, எந்தப் படியில் எத்தனை சுற்று என்பதை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும். அந்த அளவில் வையுங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, மறுநாள் காலைவரை குளிர விடுங்கள்.

நன்றி, வணக்கம்.