பெரிய ஏரிக்கு 55 பவுண்டு மோட்டார் போதுமா?

அடுத்த கேள்வி குன்னூரில் இருந்து. எஸ்டேட் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். ஜூன் மாதம் மகள் வீட்டுக்குக் கனடா போகிறார். மருமகன் சிம்கோ ஏரியில் மீன் பிடிக்க 16 அடி அலுமினியப் படகு வாங்கியிருக்கிறார், பெட்ரோல் இஞ்சினோடு. அதில் மாட்ட ட்ரோலிங் மோட்டார் ஒன்றை மாமனார் பரிசாகக் கொடுக்கப் போகிறாராம். “12 வோல்ட், 55 பவுண்டு போதும் என்கிறார்கள். போதுமா? ஊட்டியில் பெட்ரோல் இஞ்சினுக்கு இழுவை குறைகிற மாதிரி இதற்கும் குறையுமா?” என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று. ட்ரோலிங் என்றதும் சிலர் தடைக்காலத்தில் கரையில் நிற்கிற இழுவலைப் படகை நினைத்துக்கொள்கிறார்கள். போன வீடியோவில் ஒரு தம்பி மீம் போடுகிற ட்ரோலா என்று கேட்டிருந்தார். இது பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார். சத்தம் இல்லாமல் படகை மெதுவாக நகர்த்தும், ஒரே இடத்தில் நிறுத்தியும் வைக்கும். 55 பவுண்டு என்பது அதன் எடை இல்லை, படகைத் தள்ளுகிற விசை.

இழுவைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 சதவீத சக்தி போய்விடும். ஊட்டி 7,350 அடி, அதனால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கரண்ட் மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. சிம்கோ மலை ஏரியும் இல்லை. குளிர்தான் பேட்டரியைப் பாதிக்கும். லித்தியம் வாங்கினால், பனி உறைகிற குளிரில் சார்ஜ் போடக் கூடாது என்று மருமகனிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது 55 பவுண்டு. கடையில் போடுகிற கணக்கு இதுதான்: படகு, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு 50 கிலோவுக்கும் ஒரு கிலோ தள்ளுவிசை. உங்கள் படகில் மூன்று பேர் ஏறினால் 600 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோ போதும், அதாவது 26 பவுண்டு. 55 அதைப் போல இரண்டு மடங்கு. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அது தண்ணீர் ஆடாமல் நிற்கிற நாளுக்கான கணக்கு.

ஊட்டி ஏரி மொத்தமே 65 ஏக்கர், சுற்றி மேடும் மரமும். சிம்கோ எழுநூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல், நம் நீலகிரி மாவட்டத்தில் கால் பங்குக்கும் அதிகம். அவ்வளவு தூரம் தடையில்லாமல் வருகிற காற்று எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அலுமினியப் படகு வேறு இலேசாக, தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். பாய் விரித்த மாதிரிதான்.

நான் அந்தப் பக்கம் படகுக் கடையில் சில வருடம் வேலை பார்த்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை 12 வோல்ட் மோட்டாரை நம்பி, காற்று போகிற பக்கமே ஜாலியாகப் போய்விட்டோம். திரும்பும்போது டயலை முழுதாகத் திருப்பியும் கரை கிட்டவே வரவில்லை. பேட்டரி படுத்துவிட்டது. கடைசியில் வேறு ஒரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். வெட்கமாகப் போய்விட்டது.

பேட்டரி ஏன் படுத்தது? 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி என்றால் கணக்குப்படி 50 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது ஒரு மணி நேரம், நிஜத்தில் அதுவும் வராது. மெதுவாக ஓட்டினால் பல மணி நேரம் வரும், ஆனால் எதிர்க்காற்று மெதுவாக ஓட்ட விடாது.

அதனால் என் கருத்து, 24 வோல்ட், 80 பவுண்டு. அதே வேலைக்கு ஆம்பியர் பாதியாகிறது, வயர் சூடாவது குறைகிறது. இரண்டு பேட்டரி வேண்டும். ஈயத்தில் எடுத்தால் சுமார் 60 கிலோ, ஓர் ஆள் கூடுதலாக ஏறின மாதிரி. லித்தியம் அதில் பாதியும் வராது. விலை அதிகம்தான். பணம் இடித்தால் பரிசைப் பங்கு போடுங்கள்: மோட்டார் மாமனார், பேட்டரி மருமகன். கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கிற சர்க்யூட் பிரேக்கர் போடாமல் மட்டும் இணைக்க வேண்டாம்.

மாட்டுவது முன்னால். முன்னால் மாட்டினால் மாடு வண்டியை இழுக்கிற மாதிரி, முனை காற்றை நேராகப் பார்க்கும். பின்னால் இருந்து தள்ளினால் முனை அலைந்துகொண்டே இருக்கும்.

இறக்கையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடிக்கிற தண்டின் நீளத்தைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் உட்காரும் இடத்தில் இருந்து தண்ணீர் வரை அளந்து 20 அங்குலம் கூட்டுங்கள். பெரிய ஏரி என்பதால் அலைக்காக இன்னும் 5 அங்குலம். வருகிற அளவு இரண்டு மாடலுக்கு நடுவில் விழுந்தால் நீளமானதை எடுங்கள். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் இறக்கை வெளியே வந்து வெறும் காற்றைக் கடையும். 80 பவுண்டுக்குக் கொடுத்த காசு அங்கேயே போச்சு.

ஜிபிஎஸ் நங்கூரம், அதாவது ஜிபிஎஸ் பார்த்து மோட்டாரே படகை ஒரே இடத்தில் நிறுத்துகிற வசதி, உள்ள மாடல் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஏரி 40 மீட்டர் ஆழம் வரை போகிறது, கயிறு விட்டுக் கல் போடுகிற வேலை மிச்சம். காற்று பலமாக இருந்தால் நின்ற இடத்திலேயே பேட்டரியைக் குடிக்கும், அவ்வளவுதான்.

எந்த மோட்டார் வாங்கினாலும் காலையில் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் போகாதீர்கள்.

அப்புறம் ஐயா, அங்கே ட்ரோலிங் மோட்டார் ஓட்டவும் படகு ஓட்டுநர் கார்டு வேண்டும். மருமகனிடம் இருக்கும், அவரே ஓட்டட்டும். தூண்டில் பிடிக்க மட்டும் நீங்கள் தனியாக மீன்பிடி லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.