நோட்டீஸில் பெரிய எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 36 வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக வேலை பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, அரிசி மில் பில் புத்தகம் எல்லாம் கோத்த கை இது. ஆனாலும் பங்குனி, சித்திரையில் கோயில் நாடக நோட்டீஸ் வந்தால்தான் கைக்குத் தெம்பு வரும். அப்படிப்பட்டவன் நியூயார்க் நாடக விருதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். காரணம் என் மகள். அவள் நியூஜெர்சியில் இருக்கிறாள். சில வருஷமாக எங்களுக்குள் ஒரு பந்தயம். டோனி விருதுக்குக் கதாநாயகி நடிகைகள் பட்டியலில் யார் யார் வருவார்கள் என்று ஏப்ரல் கடைசியில் ஆளுக்கு ஐந்து பெயர் எழுதி வைப்போம். தோற்றவர் காபிப்பொடி வாங்கித் தர வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் வாங்கித் தருவது நான்தான், அது வேறு விஷயம்.

டோனி என்பது ஒரு பெண்மணியின் செல்லப் பெயர். ஆன்டனெட் பெர்ரி என்ற நடிகை, இயக்குநர், 1946-ல் காலமானார். மறு வருஷமே அவர் பெயரில் விருது தொடங்கியது. நியூயார்க்கில் பிராட்வே என்று கணக்கில் வருகிற 41 அரங்குகளில் நடக்கும் நாடகங்களுக்குத்தான் இந்த விருது. குறைந்தது 500 இருக்கை இருந்தால்தான் அந்தக் கணக்கு. நம்மூர்த் திருவிழாவில் பாய் விரித்து உட்காருகிற முன்வரிசைக்கே அது பற்றாது. கதாநாயகிக்கு இரண்டு விருது உண்டு. வசன நாடகத்துக்கு ஒன்று, இசை நாடகத்துக்கு ஒன்று. பாட்டே இல்லாமல் ஒரு நாடகமா என்று இதை முதலில் கேட்டபோது திகைத்துப் போனேன்.

இனி ஊகத்துக்கு வருகிறேன். யார் கதாநாயகி, யார் துணை நடிகை என்று அவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் தெரியுமா? நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் அச்சாகியிருந்தால் கதாநாயகி. கீழே இருந்தால் துணை. தயாரிப்பாளர் மனுப் போட்டால் ஒரு குழு உட்கார்ந்து மாற்றலாம். மாற்றாதவரை அச்சடித்ததுதான் சட்டம். மகள் இதைச் சொன்னபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இது எங்கள் தொழில் அல்லவா!

நாடக நோட்டீஸ் கோக்கிறவனுக்கு இந்த வம்பு நன்றாகத் தெரியும். நடுவில் கோயில் பெயர், சாமி பெயர். அதன் கீழே 'வள்ளி திருமணம்' என்று மர எழுத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தலைப்பு. இரண்டு பக்கமும் ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், அதாவது கதாநாயகன், கதாநாயகி படம். படம் என்றால் துத்தநாகத் தகட்டில் செய்த பிளாக். கீழ் வரிசையில் நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம். யார் பிளாக் எந்த அளவு, யார் பெயருக்கு எந்த எழுத்து என்று ஏஜெண்ட் வந்து நின்று பார்ப்பார். ஒரு நடிகை புரூஃபில் தன் படத்தையும் ராஜபார்ட் படத்தையும் விரற்கடை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "அண்ணே, என் படம் அரை விரல் கம்மி" என்றார். அளந்து பார்த்தேன், உண்மைதான். பிளாக்கே அந்த அளவுதான் இருந்தது. ராஜபார்ட் படத்தைச் சுற்றி இருந்த பூ பார்டரை எடுத்துவிட்டு, அந்தப் பூவையெல்லாம் இந்த அம்மா படத்துக்குச் சுற்றினேன். சமாதானம் ஆனார்.

ஆக, பட்டியலை ஊகிக்க வேண்டுமென்றால் முதலில் சுவரொட்டியைப் பார்க்க வேண்டும் என்பது என் சித்தாந்தம். மகளுக்கு வேறு கணக்கு. நாடகத்தின் அரங்கேற்றம் எப்போது நடந்தது என்று பார்ப்பாள். அந்த வருஷ விருதுக்குத் தகுதி பெற அரங்கேறக் கடைசி நாள் ஏப்ரல் கடைசியில் வரும். அதனால் மார்ச், ஏப்ரலில் நாடகங்கள் வந்து குவியும். அறுபது பேர் அளவிலான ஒரு குழு எல்லாவற்றையும் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறது. கடைசியில் பார்த்தது கண்ணில் நிற்கும், ஐப்பசியில் பார்த்தது மறந்திருக்கும் என்பது அவள் வாதம்.

இந்தக் கணக்கும் பொய்த்துப் போனதுண்டு. 2025-ல் வசன நாடகப் பட்டியலில் வந்த ஐந்து பேரில் லாரா டானெலி, மியா ஃபாரோ இருவருடைய நாடகங்களும் முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டன. மியா ஃபாரோ நடித்த 'தி ரூம்மேட்' இரண்டே பேர் நடித்த நாடகம். கூட நடித்தவர் பாட்டி லுபோன், பிராட்வேயில் பெரிய ஆள். பட்டியலில் ஃபாரோ வந்தார், லுபோன் வரவில்லை. மேடையில் இரண்டு பேர்தான் இருந்தாலும் ஒருத்தி விடுபட்டுப் போகலாம்.

அந்த வருஷம் இசை நாடகத்தில் என் தாளில் இருந்த பெயர்களைச் சொல்கிறேன். நிக்கோல் ஷெர்சிங்கர், ஆட்ரா மெக்டொனால்ட், மேகன் ஹில்டி, ஜெனிஃபர் சிமார்ட், இடினா மென்செல். ஆட்ராவை எழுத யோசிக்கவே வேண்டியதில்லை. நடிப்புக்காக ஆறு டோனி வாங்கியவர், நான்கு வகை நடிப்பு விருதும் அவர் வீட்டில் இருக்கிறது. ஹில்டியும் சிமார்டும் ஒரே நாடகத்தில் இரட்டைக் கதாநாயகிகள், ஓட்டுப் பிரியுமே என்றாள் மகள். 2004-ல் 'விக்கெட்' நாடகத்தின் இரண்டு நாயகிகளும் பட்டியலில் வந்தார்கள், ஒருத்தி விருதும் வாங்கினாள் என்று பதில் சொன்னேன். அந்த ஒருத்திதான் இடினா மென்செல். அந்தப் பாசத்தில்தான் 'ரெட்வுட்' நாடகத்துக்காக அவரையும் எழுதி வைத்தேன். சுவரொட்டியில் அவர் பெயர் அவ்வளவு பெரிசு.

மே 1-ஆம் தேதி நம்மூர் மாலை ஆறரை மணி வாக்கில் பட்டியல் வந்தது. மென்செல் இல்லை. அவர் இடத்தில் ஜாஸ்மின் ஏமி ரோஜர்ஸ். 'பூப்!' நாடகத்தில் அதுதான் அவருக்குப் பிராட்வேயில் முதல் மேடை. என் தாளில் அந்தப் பெயர் ஓரத்தில்கூட இல்லை. மகள் ஐந்தையும் சரியாக எழுதியிருந்தாள். ஜூனில் விருது வாங்கியது ஷெர்சிங்கர்.

இந்த இடத்தில் மெலட்டூரைச் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர் பக்கத்தில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பிரகலாதனின் தாய் லீலாவதி வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். டோனியில் அவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று மகளை மடக்கினேன். அவளிடம் பதில் இருந்தது. 2003-ல் ஹார்வி ஃபியர்ஸ்டீன் 'ஹேர்ஸ்ப்ரே' நாடகத்தில் அம்மா வேஷம் போட்டுக் கதாநாயகன் விருது வாங்கினார். எங்கள் ஊரிலோ அந்தக் காலத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார், ஆண் வேஷமும் பெண்கள்தான் போட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயில் விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு யார் பட்டியல் போட்டார்கள்?

நம்மூர் விருதுகளில் இந்தச் சுவாரசியம் கிடையாது. கலைமாமணியோ சங்கீத நாடக அகாதமியோ, ஒரு நாள் காலையில் பெயரை அறிவிப்பார்கள், அவ்வளவுதான். முன்கூட்டி ஐந்து பேரை நிறுத்தி வைத்து, நான்கு பேரைச் சிரித்த முகத்தோடு தோற்க வைக்கிற வழக்கம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. பந்தயம் கட்டத்தான் வழியில்லை.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது 2024-ல் நடந்தது. 'டவுட்' நாடகத்தில் கன்னியாஸ்திரீ தலைவி வேஷத்துக்கு டைன் டேலி என்ற மூத்த நடிகை ஒப்பந்தம் ஆகியிருந்தார். வெள்ளோட்டக் காட்சிகள் தொடங்குகிற நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. ஏமி ரையன் அவசரமாக வந்து வசனம் படித்து மேடை ஏறினார். அரங்கேற்றத்தில் நடித்தவர் அவர் என்பதால் விருதுக்குத் தகுதி உண்டு. பிறகு மாற்றாக வருகிறவர்களுக்குக் கிடையாது. ஏமி ரையன் பட்டியலில் வந்தார்.

இதைக் கேட்டதும் எனக்கு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம்தான் ஞாபகம் வந்தது. அந்த ஊர் நாடக நோட்டீஸ் நான் கோத்தது. ஸ்பெஷல் நாடகத்தில் ஆளாளுக்குத் தனித்தனி ஒப்பந்தம், பல பேர் மேடையில்தான் முதல் முறை சந்திப்பார்கள். அன்றைக்கு வள்ளியாக வர வேண்டிய அம்மா வரவில்லை. ராத்திரி பத்தரைக்கு மேல் வேறொரு பெண்ணை அம்பாசடர் காரில் கூட்டி வந்தார்கள். வயசு இருபதுகூட இருக்காது. கூட்டம் முணுமுணுத்தது, நோட்டீஸைக் கையில் வைத்து ஆட்டியது. பரண் மேல் ஏறி ஆலோலம் பாட ஆரம்பித்தபோதும் சத்தம் அடங்கவில்லை. நாரதரோடு தர்க்கம் வந்தது. நாரதர் பழம் தின்று கொட்டை போட்டவர், இரண்டே கேள்வியில் பெண்ணை உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தார். அந்தப் பெண் மூன்றாவது கேள்விக்குப் பதிலே சொல்லாமல், கையிலிருந்த கவணைக் கீழே வைத்துவிட்டு, "சாமி, நீங்க முதல்ல தண்ணி குடிங்க" என்றது. ஆர்மோனியக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் துருத்தியை விட்டுவிட்டார். விடிகாலை நாலரை வரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

மறு வருஷம் அதே ஊர் தர்மகர்த்தா அச்சகத்துக்கு வந்தார். வள்ளி அந்தப் பெண்தான் என்றார்.

"பிளாக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஏதுப்பா பிளாக்? பேரை மட்டும் போடு."

தலைப்புக்கு வைத்திருந்த மர எழுத்தை எடுத்தேன்.