தபால்காரரின் கால்

நேயர்களுக்கு வணக்கம். வானொலி நிலையத்திலிருந்து அழைத்தவர் 'தபால்காரர்களின் பணிப் பாதுகாப்பும் நலனும்' என்று தலைப்பைச் சொன்னார். பெரிய தலைப்பு. நான் 34 ஆண்டுகள் பட்டுவாடா செய்தவன். அதில் 11 ஆண்டுகள் தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளர். அந்த அனுபவத்தில், இதைக் காலிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரின் முகம் உங்களுக்குத் தெரியும். அவர் சைக்கிள் மணியை நான்கு வீடு தள்ளியே கண்டுபிடித்துவிடுவீர்கள். காக்கிச் சட்டையும் தெரியும். கடைசியாக வந்தபோது அவர் காலில் என்ன போட்டிருந்தார்? யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வராது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வேலை தெருவில் தொடங்குவதில்லை. காலையில் அலுவலகத்தில் நின்றபடியே தபால்களைத் தெருவாரியாக, வீட்டு வரிசையாக அடுக்குவோம். ஸ்பீடு போஸ்ட், மணியார்டர் பணம், என் காலத்தில் தனியாக இருந்த பதிவுத் தபால் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். பிறகுதான் பீட். பீட் என்றால் ஒருவருக்கென்று ஒதுக்கிய தெருக்கள். ஏறுவது, இறங்குவது, நிற்பது, நடப்பது. அடுக்குமாடிகள் வந்தபின் படிகளும் சேர்ந்துகொண்டன. சில கட்டடங்களில் மின்தூக்கியின் பக்கத்தில் 'வெளியாட்கள் பயன்படுத்தக் கூடாது' என்று பலகை தொங்கும். உங்களுக்கு வந்த ஸ்பீடு போஸ்டை நான்காவது மாடிக்குத் தூக்கி வருகிறவன் வெளியாள்! சரி, அது கிடக்கட்டும்.

ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே நான் வேலை பார்த்தபோது சீருடையோடு கறுப்புத் தோல் ஷூவும் கொடுப்பார்கள். அதைத் தைத்த ஒப்பந்தக்காரர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவரும் எங்கள் கால்களைப் பார்த்ததில்லை. 6-ஆம் எண் காலுக்கு 9 வரும், 9-க்கு 7 வரும். தபால் பிரிக்கும் மேசையைச் சுற்றி அன்று ஒரு சந்தையே நடக்கும். 'உன்னுடையதைக் கொடு, என்னுடையதை எடுத்துக்கொள்' என்று மாற்றிக்கொள்வோம். மாற்றியும் பொருந்தாதவர்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் ஷூ வெளியே வரும். மற்ற நாட்களில் ரப்பர் செருப்பு.

எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அண்ணன். சர்க்கரை நோய் உண்டு. ஆனால் மருத்துவரிடம் போவதை ஏதோ தோல்வி போல நினைப்பவர். ஒரு நாள் மாலை கணக்கு ஒப்படைக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினால் தரையில் இரத்தம். ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. எந்தத் தெருவில் ஏறியது என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. வலியே தெரியவில்லை என்றார். சர்க்கரை காலின் உணர்வைத் தின்றுவிடும் என்பதை நாங்கள் அன்றுதான் தெரிந்துகொண்டோம். ஐந்து வாரங்களில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஆர்ப்பாட்டம் என்றார் ஒருவர். ஷூக்களைக் குவித்துப் போடுவோம் என்றார் இன்னொருவர். நான் ஒரு கட்டுப் பழைய தாள்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். 'காலை இதன்மேல் வையுங்கள், சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள், கீழே கையெழுத்துப் போடுங்கள்.' 22 பேர், 22 பாதங்கள். மனுவில் மூன்று வரிதான் எழுதினேன். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதையும் எங்களில் ஒருவர்தான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்!

மேசையில் 22 கால்கள் கிடந்தால் எந்த அதிகாரிக்கும் கோப்பை மூடிவைக்கக் கை வராது. அடுத்த முறை ஷூக்கள் அளவுப்படி வந்தன. ஒருவருக்கு மட்டும் 10-ஆம் எண் வந்தது. பென்சிலைச் சாய்த்துப் பிடித்துக் கோடு போட்டிருக்கிறார். அவர் ஓய்வு பெறும்வரை அந்தக் கேலி தீரவில்லை.

பல ஆண்டுகளாக என் வாதம் இதுதான்: சீருடை என்பது சலுகைப் பட்டியலில் வருவதல்ல. உளி இல்லாமல் தச்சன் வேலை செய்ய முடியாது. நல்ல காலணி, வியர்வையை உறிஞ்சும் துணி, மழைக்கு ஒழுகாத அங்கி, இவை எங்கள் உளி.

இப்போது துணியாகவும் ஷூவாகவும் கொடுக்கும் முறை இல்லை. 7-ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை முதல், சீருடை, காலணி, சலவை எல்லாவற்றையும் ஒன்றாக்கி 'உடைப்படி' என்று ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும், 2024 ஜனவரி முதல் அது 6,250 ஆனது. ஜூலைச் சம்பளத்தோடு வரும். 9-ஆம் எண் சந்தை ஒழிந்தது, நல்லது. ஆனால் ஜூலை மாதம் வீட்டில் என்ன நடக்கும்? பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி இருக்கும். பணம் அங்கே போகும். தபால்காரர் மறுபடி ரப்பர் செருப்பில் கிளம்புவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால்தான் காலணியை மட்டுமாவது பொருளாக, அளவெடுத்துக் கொடுங்கள் என்கிறேன். என் சங்கத்திலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. 'பணம் கைக்கு வந்தால் நம் இஷ்டம்' என்பார்கள். அவர்கள் காலைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தப் படிகளெல்லாம் தானாக வந்தவை என்று இளைய தபால்காரர்கள் நினைக்கிறார்கள். 1946 ஜூலை 11-ஆம் தேதி நாடு முழுவதும் தபால்காரர்களும் கடைநிலை ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வெள்ளைக்கார ஆட்சி இன்னும் முடியவில்லை. அதே ஜூலை 29-ஆம் தேதி, அவர்களுக்கு ஆதரவாகக் கல்கத்தா நகரமே கடையடைத்து நின்றது. கடிதம் வராத எரிச்சலை மறந்து ஓர் ஊர் தபால்காரர் பக்கம் நின்றிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். அதற்கும் முன்னால், 1884-இல், அஞ்சல் ஊழியர்களின் நலனுக்காகத் தொடங்கியதுதான் அஞ்சல் ஆயுள் காப்பீடு. பெண்களுக்குக் காப்பீடு கொடுக்க மற்றவர்கள் தயங்கிய காலத்தில், 1894-லேயே துறையின் பெண் ஊழியர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

சுமையின் அளவை எண்ணாக எழுதிவைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தபால்காரர் தோளில் சுமக்கும் பைக்கு 35 பவுண்டு உச்சவரம்பு. நம் கணக்கில் கிட்டத்தட்ட 16 கிலோ. அதற்கு மேல் தூக்கு என்று மேலாளர் சொல்ல முடியாது. எண்ணை எழுதிவிட்டால் வாக்குவாதம் தராசோடு முடிந்துவிடும். 'அளவுக்கு மீறிய பாரம்' என்று மனு எழுதினால் 'அளவு எது?' என்று பதில் வரும். எனக்கு வந்திருக்கிறது.

அடுத்து, நீங்கள் எல்லோரும் காத்திருக்கும் விஷயம்: நாய். தபால்காரர் என்றதும் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்பது அதைத்தான். கடிபட்டவன் சிரிப்பதில்லை. எனக்கு மூன்று முறை. மூன்றும் வீட்டு நாய்கள். 'எங்கள் நாய் ஒன்றும் செய்யாது' என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோதே கடித்தது ஒன்று.

கடித்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இது எல்லோருக்கும் பயன்படும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் என்று தோலில் போடும் ஊசி. காயம் ஆறிவிட்டதே என்று கடைசி ஊசியை விட்டுவிடக் கூடாது. தபால்கார நண்பர்களுக்குத் தனியாக ஒன்று: கடித்த அன்றே அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வேலையினால் வரும் நோய்க்கும் காயத்துக்கும் தனி விடுப்பு இருக்கிறது. மருத்துவமனையில் இருக்கும் காலம் முழுவதும் முழுச் சம்பளம் உண்டு. எழுதிக் கொடுக்காததால் சொந்த விடுப்பைக் கரைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூச்சம். 'நாய் கடித்தது' என்று எழுத வெட்கம்.

மறுபடி காலுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாய் துரத்தும்போது ரப்பர் செருப்போடு பின்வாங்கினால் செருப்பு திரும்பிக்கொள்ளும், ஆள் விழுவார். மழையில் வழவழப்பான படியிலும் அப்படித்தான். சேற்றில் நடந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண். அக்னி நட்சத்திரத்தில் தார்ச்சாலை. எங்கே தொட்டாலும் கால்தான்.

வெயிலைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதி வந்தேன். அதைப் புரட்டிவிடுகிறேன். தண்ணீர் கொடுங்கள், அவ்வளவுதான். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கழிப்பறைக்கு வழியில்லை என்பதால் பீட்டில் தண்ணீரே குடிக்காத பெண் தபால்காரர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் மனு எழுதியதில்லை. நானும் எழுதவில்லை. அது என் குறை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். நான் கடைசிக்கு வைத்திருந்தது கிராமிய அஞ்சல் ஊழியர்களைப் பற்றி. பெரும்பாலான கிராமங்களில் தபால் கொண்டுவருகிறவர்கள் இவர்கள்தான். நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேல். கணக்கில் நாளுக்கு 4 அல்லது 5 மணி நேர வேலை. இவர்கள் அரசின் சிவில் பதவி வகிப்பவர்கள் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் நான் இதுவரை சொன்ன விடுப்பு விதி இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுக்குத் தனி விதிகள். அதே நாய்தான், அதே வெயில்தான். கிராமத்துக் காட்டுப்பாதையில் ஆணிக்குப் பதில் கருவேல முள்...

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். கதவு எண்ணை வாசலில் பெரிதாக எழுதிவையுங்கள், தபால் பெட்டியை நாயின் சங்கிலி எட்டாத இடத்தில், வெளிக்கதவிலேயே மாட்டுங்கள். அந்த விரல் போன அண்ணன் ஒரு வருடம் உள்ளேயே தபால் பிரித்தார். பிறகு தன் பழைய பீட்டையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார், ஷூ போட்டுக்கொண்டு. வணக்கம்.